ஒர்க் ஆகலையாம்ல!

பேராண்டி, நீ கம்ப்யூட்டர் மொழி படிக்கிறதப் பாத்தா எனக்குப் பெருமைதான். அதைவிடப் பெருமை, சந்தேகம் வந்தா நீ கேக்குற அழகு. "ஹாய் அண்ணா, கோடு ஒர்க் ஆகல, அர்ஜென்ட், ப்ளீஸ் ஹெல்ப்." கூடவே ஒரு போட்டோ. ஸ்கிரீன் சாஞ்சு கெடக்கு, கண்ணாடியில மேல சுத்துற ஃபேன் தெரியுது, ஓரத்துல உங்கப்பத்தா காயப்போட்ட சேலை தெரியுது, கோடு மட்டும் தெரியல. இதை மாத்தவே மாத்தாத.

இதுல எம்புட்டு லாபம் தெரியுமா? ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க, நீ நிம்மதியாத் தூங்கலாம். காலேஜ்ல கேட்டா, "உலகம் பூராம் கேட்டுட்டேன் சார், ஒருத்தருக்கும் தெரியல"ன்னு சொல்லிக்கலாம். ஆனா ஒண்ணு. எந்த மொழியில எழுதினே, என்ன வரும்னு நெனச்சே, என்ன வந்துச்சு, எந்த வரியில நின்னுச்சு, இதுல ஒண்ணைக்கூட மறந்தும் சொல்லிறாத. சொன்னா எவனாவது அஞ்சு நிமிசத்துல சரிபண்ணிக் குடுத்துருவான், அப்புறம் உனக்குச் சோலி இல்லாமப் போயிரும். செவப்பு எழுத்துல பத்து வரி பிழைச் செய்தி வருதே, அதையும் படிச்சிராத. பைத்தான்ல என்ன தப்புங்கிறது அதோட கடைசி வரியில இருக்குமாம். இருந்துட்டுப் போகட்டும்.

"அர்ஜென்ட்"டை மட்டும் விட்டுறாத. எங்கயோ ஒரு ஊருல ஒருத்தன் பைசா வாங்காம, வேலைவிட்டு வந்த அலுப்புல உன் கேள்வியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நாளைக்கு நீ ரெக்கார்டு நோட்டு வைக்கணும்ங்கிறது அவனுக்குத் தெரிய வேணாமா?

கோபமா? சரி, உன்னை மட்டும் கேலி பண்ணினா பாவம். பதில் சொல்ற பெரிய மனுசங்க கதையையும் கேளு.

2001ல எரிக் ரேமண்டுன்னு ஒருத்தரும் ரிக் மோயன்னு ஒருத்தரும் சேந்து, புத்திசாலித்தனமா எப்படிக் கேள்வி கேக்கணும்னு எழுதி வச்சாங்க. நல்ல சரக்குதான். ஆனா எம்மாம் நீளம்! கேள்விக்காரப் பயலுக்கு அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள என்ன கேக்க வந்தோம்ங்கிறதே மறந்துபோகும். கூத்து என்னன்னா, ஊருபட்ட ஆளுங்க, "கேள்வி கேக்குறதுக்கு முந்தி இதைப் படி"ன்னு அதுக்கு வழிகாட்டி விட்டாங்க. வந்த சனம் எழுதினவங்க கிட்டயே போயி, "அண்ணா, என் கோடு ஒர்க் ஆகல"ன்னு நின்னுச்சு. கடைசியில, "அய்யா சாமி, நாங்க ஒங்களுக்கு உதவி மையம் இல்ல"ன்னு அவங்களே தலைமாட்டுல எழுதி வைக்கும்படி ஆயிருச்சு. எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்த எடத்துலயே இந்தக் கதி.

அப்புறம் 2008ல ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னு ஒரு கேள்வி பதில் தளம் ஆரம்பிச்சாங்க. கேள்விக்கும் பதிலுக்கும் மார்க்கு, தப்பான கேள்விக்குக் கதவடைப்பு. பத்து வருசம் அப்படி ஓடுச்சு. புதுசா வந்த புள்ள வாயத் தொறந்ததும், "இது ஏற்கெனவே கேட்டது", "தெளிவா இல்ல", டப்புன்னு சாத்து. 2018ல, "எங்க எடம் புது ஆளுக்கு எதமா இல்ல"ன்னு அவங்களே வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க. அதே வருசம், புதுசா வந்தவன் பேருக்குப் பக்கத்துல, இவன் புதுசு, பாத்துப் பேசுன்னு ஒரு அடையாளம் போட்டாங்க. பின்னாடி, என்ன செஞ்சு பாத்தே, என்ன எதிர்பாத்தேன்னு கேக்குறதுக்குத் தனிக்கட்டமும் வச்சாங்க. அந்தக் கட்டம்தான் சரியான யோசனை. ஏன்னு சொல்றேன்.

நான் பட்டாசு ஆபீஸ்ல போர்மேனா இருந்தவன், தெரியும்ல. காரியாபட்டிப் பக்கமிருந்து சிவகாசிப் பக்கம் வேன்ல போயி வந்த காலம். புதுசா வர்ற ஆளைக் கேட்டுல நிறுத்தி, 2008ஆம் வருசத்து வெடிபொருள் விதி அம்புட்டையும் வாசிச்சுக் காட்டிட்டு, "எல்லாம் சொல்லியாச்சு, போ"ன்னு அனுப்பினா என்ன ஆகும்னு நம்ம ஜில்லாவுல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஒவ்வொரு ரூம் வாசல்லயும் ஒரு போர்டு இருக்கும். இங்க என்ன வேலை, எத்தனை பேரு இருக்கலாம், எம்புட்டு மருந்து இருக்கலாம், அம்புட்டுத்தான். மருந்து கலக்குற ரூம்ல திரி ரூம் சமாச்சாரம் இருக்காது. கையி எங்க போகுதோ அங்க நிக்கும் எழுத்து. அதுக்கு மேல நான் பக்கத்துல நின்னு, "செருப்பைக் கழத்து, நைலான் சட்டையோட வராத, கலக்கும்போது அமுக்காத"ன்னு அந்தந்த நேரத்துல சொல்வேன். கேட்டுலயே பூராத்தையும் கொட்டுற போர்மேன் தன் மேல பழி வராமப் பாத்துக்கிறான், வேற ஒண்ணுமில்ல.

மெஷினுக்கே இப்ப இந்தப் புத்தி வந்துருச்சு. பைத்தான்ல நீ ஒரு அடைப்புக்குறியைத் தொறந்துட்டு மூடாம விட்டா, முந்தியெல்லாம் அடுத்த வரியக் காட்டி, "இலக்கணம் தப்பு"ன்னு சொல்லும். அடுத்த வரி ஒரு பாவமும் அறியாது. நீ அதையே மொறச்சுப் பாத்துக்கிட்டு ராத்திரி பூராம் கெடப்பே. 2021 அக்டோபர்ல வந்த 3.10 பதிப்புலேர்ந்து, தொறந்த குறியையே காட்டி, "இதை மூடவே இல்ல"ன்னு சொல்லுதாம். எத்தனை ஆயிரம் பேரு யாரையும் கேக்காமலே தப்பிச்சிருப்பாங்க! புதுசா வர்றவனுக்கு விதி எழுதுற பெரியவங்க மொதல்ல இதைப் பாத்துட்டு வந்து எழுதட்டும்.

இப்ப ஒன் பக்கம் வர்றேன். நானூறு வரியையும் அள்ளிக் கொட்டாத. எடுத்துட்டாலும் தப்பு அப்படியே நிக்குற வரிகளையெல்லாம் ஒண்ணொண்ணா எடு. மிச்சம் பத்து வரி நிக்கும். அதை எழுத்தாவே ஒட்டு, போட்டோ வேணாம். அந்தப் பத்து வரிக்கு வர்றதுக்குள்ளயே பாதி நாளு தப்பு தானா ஆம்புட்டுரும்.

அமெரிக்காவுல ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ்னு ரெண்டு பேரு 1999ல எழுதின புஸ்தகத்துல, மேசை மேல ரப்பர் வாத்து ஒண்ணை வச்சு, அதுகிட்டக் கோடை வரிவரியா விளக்கச் சொன்ன கதை இருக்கு. சொல்லும்போதே தப்பு எங்கேன்னு ஒனக்கே பொறி தட்டிருமாம். வாத்துக்குக் காசு செலவழிக்காத. நான் திண்ணையில சும்மாதான இருக்கேன்? வாத்தை மாதிரியே எனக்கும் ஒண்ணும் புரியாது. நடுநடுவுல, "ஏன் அப்படி?"ன்னு கேப்பேன், அது மட்டும் கூடுதல்.

"தாத்தா, இப்பல்லாம் ஏ.ஐ. கிட்டக் கேட்டுக்கிறோம்"ங்கிறே. கேளு, யாரு வேணாங்குறா. அது கதவைச் சாத்தாது, திட்டாது, "அருமையான கேள்வி"ன்னு வேற சொல்லும். ஆனா அதுகிட்டயும், "ஒர்க் ஆகல"ன்னு மட்டும் சொன்னா, எது ஒர்க் ஆகலன்னு அதுவா ஒண்ணைக் கற்பனை பண்ணிக்கிட்டு, நல்லா ஓடுறதப் பிரிச்சு மேஞ்சுரும். 2022 டிசம்பர்லயே, சாட்ஜிபிடி சொன்னதை அப்படியே பதிலாப் போடாதீங்கன்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டுச்சு. பாக்க லட்சணமா இருக்கு, உள்ள பொய்யுன்னு. அப்புறம் அங்க கேள்வி வரத்தும் கொறஞ்சு போச்சுன்னு கேள்வி. கதவை அம்புட்டு நாளாச் சாத்தினவங்க இப்ப வாசலைப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

இங்கிலீசு வரலையா? தமிழ்லயே கேக்கலாம்ல. கணியம்னு ஒரு கூட்டம் 2012லேர்ந்து கட்டற்ற மென்பொருளைப் பத்தித் தமிழ்ல எழுதிக்கிட்டே இருக்கு. அங்கிட்டுப் போயி, "பைத்தான் இன்ன பதிப்பு, இதை எழுதினேன், இது வரும்னு நெனச்சேன், இது வந்துச்சு"ன்னு நாலு வரி போட்டுப் பாரு. "அர்ஜென்ட்" இல்லாம.

பதில் கெடைச்சதும் ஒரு காரியம் பண்ணு. எதைச் செஞ்சதும் சரியாச்சுன்னு அங்கனயே எழுதிட்டு வா. ஒன்னைய மாதிரியே அதே தப்புல மாட்டிக்கிட்டு, பதிலைத் தேடி வந்த ஒருத்தனை நீ பாத்திருப்பே. "சரியாயிருச்சு, நன்றி"ன்னு மட்டும் போட்டுட்டுப் போயிருப்பான், எப்படின்னு சொல்லாம. அவனை என்ன வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன்னு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. ஒனக்கும் அந்த வார்த்தை விழணுமா? மல்லாங்கிணத்துல எட்டாப்பு படிக்கிற பய எவனாவது நாளைக்கு அங்கதான் வந்து நிப்பான்.