தொண்டுத்துரை

வயது இருபத்திரண்டு இருக்கும். இல்லாவிட்டால் ஓய்வுபெற்று அறுபத்திரண்டு. நடுவயதுக்காரர்கள் அபூர்வம், அவர்கள் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள். முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பை, யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை, மணிக்கட்டில் எந்தக் கோயிலில் கட்டியது என்று மறந்துபோன கயிறு. இவருக்குத் தொண்டுத்துரை என்று பெயர் வைத்துக்கொள்வோம். துரைசானிகளும் கோபித்துக்கொள்ளாமல் இதில் அடங்கட்டும். எதையெல்லாம் விட்டுவிட்டு இந்தியாவுக்குச் சேவை செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்: வேலை, காதலி, வெந்நீர்க் குழாய், பாலாடைக்கட்டி. அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்றால் விரல்கள் மடங்கிவிடும். "எது வேண்டுமானாலும்" என்பார். அதே பதிலை விசா அலுவலகத்தில் சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சும்மா செய்கிறேன் என்கிறேன், இதற்கு எதற்கு அனுமதி என்று துரை கொதிக்கிறார். அவருடைய நல்ல மனசில் சந்தேகமில்லை. ஆனாலும் இந்தச் சண்டையில் நியாயம் குமாஸ்தா பக்கம்தான் அதிகம் இருக்கிறது. அவர் கேட்கிற காரணம் தப்பாக இருக்கலாம், கேள்வி சரியான கேள்வி.

இந்திய விதி அப்படியொன்றும் கல்நெஞ்சு படைத்ததில்லை. சுற்றுலா விசாவில் வருகிறவர் காசு, கைம்மாறு எதுவும் வாங்காமல் அதிகபட்சம் ஒரு மாதம் தொண்டு செய்துகொள்ளலாம் என்று உள்துறை அமைச்சகமே இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் தங்கித் தொண்டாற்ற வேண்டுமென்றால் வேலைவாய்ப்பு விசா. எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவார்கள். பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கான விசா அது. சம்பளமே வாங்காத துரையையும் அதே வரிசையில் நிறுத்திவிட்டு, அவருக்காகச் சம்பள நிபந்தனையை மட்டும் தளர்த்தியிருக்கிறார்கள். சிரிக்கத்தான் தோன்றும். பிரிட்டன் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே பார்வையாளராகப் போகிறவர் பதிவுபெற்ற அறநிறுவனம் ஒன்றில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். மேற்கொண்டு செய்ய ஆசைப்பட்டால் தொண்டுப் பணியாளர் விசா, அதுவும் 12 மாதத்துக்கு. ஆக, முப்பது நாள் வரை புண்ணியம், முப்பத்தோராம் நாள் முதல் உத்தியோகம் என்பதில் இரண்டு அரசாங்கங்களுக்கும் அநேகமாக ஒரே கருத்து.

இதில் கேலிக்கு இடமிருக்கிற அளவுக்குப் பொருளும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து, இழுத்துப்போட்டுக்கொண்டு எல்லா வேலையும் செய்கிறேன் என்று நிற்கிற தூரத்து உறவினரை எல்லோருக்கும் தெரியும். கூலி கேட்க மாட்டார். ஆனால் அவருக்கு எங்கே பாய் போடுவது, காபியில் சர்க்கரை உண்டா இல்லையா, சமையல்காரரோடு அவர் போட்ட சண்டையை யார் தீர்ப்பது என்பதெல்லாம் பெண்ணைப் பெற்றவர் தலையில்தான் விழும். துரை விஷயத்திலும் அதேதான். அவருக்கு இடம் கொடுத்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். காரம் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும், அவர் பேசுவதை மொழிபெயர்க்க இன்னோர் ஆள். கிராமத்துப் பள்ளிச் சுவருக்குத் துரை வெள்ளையடித்தால், அதே ஊரில் வெள்ளையடித்துப் பிழைக்கிற ஒருவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான் என்று சட்டம் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. துரையின் கணக்கில் வருவது அவர் கொடுப்பது மட்டும்.

விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர். தாத்தா பாட்டியில் யாராவது பாகிஸ்தானியரா? போன பத்து ஆண்டுகளில் எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள்? மதம் என்ன? மதத்தைத் தேடித்தான் கிளம்புகிறேன் என்று எழுத அதில் இடமில்லை. வெளியே தெரிகிற அங்க அடையாளம் என்ற இடத்தில் துரை தோள்பட்டையில் குத்தியிருக்கும் 'ஓம்' பச்சையை எழுதலாமா என்று நெடுநேரம் யோசிக்கிறார். எல்லாம் தாண்டி, வருகையின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்து நிற்கிறார். இங்கேதான் முன்னால் போய்வந்த தொண்டுத்துரைகளின் அறிவுரை வந்து குவியும்: சுற்றுலா என்று போட்டுவிடு, யாரும் பார்க்கப் போவதில்லை. அப்படியே போட்டுவிட்டு மூன்று மாதம் இருந்து பாடம் நடத்திவிட்டு வருவார். குழந்தைகளுக்கு வாய்மையைப் போதிக்கப் போகிற பயணம் இப்படியாக ஒரு பொய்யில் தொடங்குகிறது.

பொய் சின்னது, விளைவு சின்னதில்லை. சுற்றுலாப் பயணி என்று எழுதிக்கொடுத்து வந்தவருக்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. குழந்தைகளோடு பழகத் தகுந்தவரா என்று எந்த அலுவலகமும் விசாரித்திருக்காது. இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பக்கத்து நேபாளத்தைப் பார்க்கலாம். அங்கே சுற்றுலா விசாவில் தொண்டு செய்யக் கூடாது என்பது விதி. முப்பது நாள் விசாவை 50 டாலருக்கு விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுவதால், விதி படிவத்தோடு நின்றுபோகிறது. அந்நாட்டின் அநாதை இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் போன்ற இடங்களில் இருப்பது தற்செயல் அல்ல. சுற்றுலாக்காரர்கள் வருவதும் அங்கேதான். அந்த இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதை யுனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நல்ல படிப்பு கிடைக்கும் என்று தரகர்கள் ஆசை காட்டி மலைக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் அவர்கள். கட்டிப்பிடித்து அழ வருகிறவர்கள் இருக்கிற வரைக்கும் அநாதைகளுக்குத் தட்டுப்பாடு வராது. துரை இதைக் கேட்டால் பதறிப்போவார், உண்மையாகவே பதறுவார். ஆனால் யாரிடம் போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே இடத்தை அவர் சுற்றுலா என்ற ஒரு சொல்லால் தாண்டி வந்துவிட்டார்.

இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் உண்மையான தொண்டர்கள் எப்படி வருவார்கள், அந்தக் காலத்தில் வந்தவர்களையெல்லாம் இப்படியா விசாரித்தோம் என்று கேட்கிறவர்கள் உண்டு. விசாரித்தது மட்டுமா, வெளியேற்றவும் செய்தார்கள். அமெரிக்க மிஷனரியாக மதுரைப் பக்கம் வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானை, காந்தியின் ஆட்களோடு சேர்ந்துகொண்டார் என்பதற்காகப் பிரிட்டிஷ் அரசு 1930இல் ஒரு தடவையும் 1944இல் மறுதடவையும் நாட்டைவிட்டு அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு மூன்றாம் முறையாக வந்து காந்திகிராமத்தோடு சேர்ந்து உழைத்து, இந்த மண்ணிலேயே கிழவரானார். அவர் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இன்றைய விண்ணப்பப் படிவம் ஒரு பாடே இல்லை. அவரிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்கும், யாரோடு சேர்ந்து என்பதற்கும் இருந்திருக்கும். கெடுபிடியால் திரும்பிப் போகிறவர்களில் நல்ல மருத்துவரும் பொறியாளரும் இருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை, அது நஷ்டம்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களை அழைக்கிற நிறுவனம் கடிதம் எழுதித் தரும், பொறுப்பும் ஏற்கும். கடிதம் தர ஆளில்லாமல் தவிப்பவர் பெரும்பாலும் "எது வேண்டுமானாலும்" ஆசாமிதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. துரைக்காவது இவ்வளவு இடம் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் பிரிட்டனில் முதியோர் இல்லமொன்றில் தொண்டு செய்யப் போகிறேன் என்று கிளம்பிப் பார்க்கட்டும் என்பார்கள். கிளம்பினால் என்ன நடக்கும்? உரிமம் பெற்ற அறநிறுவனம் ஒன்று அவரை ஏற்றுக்கொண்டதாகச் சான்று தர வேண்டும். சம்பளம் வாங்கவே கூடாது. அதே சமயம், அந்த நிறுவனமே அவர் செலவுக்கு உறுதி கொடுத்தாலொழிய, 1,270 பவுண்ட் அவருடைய வங்கிக் கணக்கில் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். தொண்டு செய்ய விரும்பும் ஏழை முதலில் ஏழையல்ல என்று நிரூபித்தாக வேண்டும். இங்கே வருகிற துரையைக் குமாஸ்தா சந்தேகிப்பது வேலை பார்த்துவிடுவாரோ என்று. அங்கே போகிற பெண்ணை அந்த ஊர்க் குமாஸ்தா சந்தேகிப்பது திரும்பி வராமல் இருந்துவிடுவாரோ என்று. இது அநியாயம்தான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் ஒரு கடிதம் இருக்கிறது, ஊர் பெயர் இருக்கிறது, வேலை இன்னதென்று எழுதியிருக்கிறது. சிரமம் கொடுத்த விதிதான் அதையும் வாங்கிக் கொடுத்தது. துரைக்காக விதியைத் தளர்த்திவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. அவரிடம் கேட்பதைத் துரையிடமும் கேட்டால்தான் இரண்டு பேரும் சமம்.

படிவத்தில் ஏற்கெனவே இத்தனை கட்டங்கள் இருக்கும்போது இன்னும் இரண்டு சேர்ப்பதில் காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது. நீங்கள் செய்யப்போகும் வேலையை இப்போது யார் செய்கிறார்? நீங்கள் திரும்பிப் போன பிறகு யார் செய்வார்? துரை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குமாஸ்தா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்த் திரும்பி வருவதற்குள், முதல் கட்டத்தையாவது நிரப்பிவிட்டால் விசாவைக் கொடுத்துவிடலாம்.