ராப்பர் இயல்: ஒரு வரி ஃபங்ஷன் குறித்த விரிவான ஆராய்ச்சி

சி++ நூலகம் ஒன்றைப் பைத்தானிலிருந்து அழைக்க நேர்ந்தால், நடுவில் சி பாணியில் ஒரு ராப்பர் எழுதுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ராப்பர் பெரும்பாலும் ஒரே வரி. வந்ததை வாங்கி உள்ளே கொடுக்கும், விடையை வெளியே தரும். வேலையே செய்யாத இந்த வஸ்துவுக்காக நிரலாளர்கள் ஏன் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதற்கண், பெயர். 'ஏடிடி' என்று நாம் மூன்றெழுத்தில் பெயர் சூட்டிய ஃபங்ஷனுக்கு ஜிசிசி முன்னால் ஓர் அடிக்கோடு, ஒரு 'இசட்', எழுத்து எண்ணிக்கையான 3 ஆகியவற்றைச் சேர்க்கும். அது வாங்கும் இரண்டு இன்ட்டுக்கு இரண்டு 'ஐ'யைப் பின்னால் ஒட்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ கேள்விக்குறியிலேயே தொடங்கும். பைத்தானின் சிடைப்ஸ் வந்து 'ஏடிடி இருக்கிறாரா?' என்று விசாரித்தால், அப்படி யாரும் இல்லை என்பதே பதில். 'எக்ஸ்டர்ன் சி' என்று முன்னால் எழுதினால்தான் வைத்த பெயர் நிலைக்கும்.

1972 வாக்கில் ரிட்சி சி-யை உருவாக்கியது பெல் ஆய்வகத்தில். 1979-இல் ஸ்ட்ரூஸ்ட்ரப் சி++-க்கு அடிபோட்டதும் அங்கேதான். ஒரே வீட்டுப் பங்காளிகளுக்கு எதற்கு மத்தியஸ்தர் என்று சிலர் ஐயுறுவர். பங்காளிகள் என்பதாலேயே என்க.

அடுத்து, எக்ஸப்ஷன். இது ராப்பரின் வாசலைத் தாண்டவே கூடாது. உள்ளே என்ன ரகளை நடந்தாலும் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே '-1' என்று மட்டும் சொல்வதே ராப்பருக்கு அழகு.

நம் ஆய்வில் மிகக் கொடிய இனம் பாயின்டர். திரும்பி வருவது என்ன வகை என்று 'ரெஸ்டைப்'பில் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி காணாமல் போகும். முகவரி சிறியதாக அமைந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. எழுதியவர் கணினியில் சமர்த்தாக ஓடியது வாடிக்கையாளரிடம் போய் விழுவது இப்படித்தான். பழி என்னவோ நூலகத்தின் மேல்!

இறுதியாக, நினைவகம். 'கிரியேட்' எழுதும் கையோடு 'டெஸ்ட்ராய்' ஒன்றும் எழுதிவிடுங்கள். பைத்தானின் குப்பை சேகரிப்பான் வந்து பெருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். சி++ பக்கம் 'நியூ' போட்டு வாங்கிய பொருள் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.