காற்றில் வரும் கரன்ட்

கேள்வி: கம்பியில்லா சார்ஜிங் கம்பெனியில் பணம் போட்ட அமெரிக்கர்கள் இத்தனை வருடமாக எப்படிப் பொறுமையாக இருக்கிறார்கள்?

பதில்: எனர்ஜஸ் கம்பெனியைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2014-இல் நாஸ்டாக்குக்கு வந்தது. அறையில் எங்கே நின்றாலும் போன் தானாகச் சார்ஜ் ஆகும் என்றார்கள். 2017 டிசம்பரில் அரசு அனுமதி கிடைத்ததும் பங்கு விலை ஒரே நாளில் இரட்டிப்பைத் தாண்டியது. வந்தது அனுமதிதான், சொல்லிக்கொள்ளும்படி விற்பனை வரவில்லை. தூரம் கூடினால் ரேடியோ அலையின் சக்தி மளமளவெனக் குறையும். இயற்பியல் எந்தப் பங்குதாரருக்கும் சலுகை காட்டாது. 2023-இல் 20 பங்குகளை ஒன்றாக்கினார்கள். 200 வைத்திருந்தவர் கையில் 10. இலவு காத்த கிளியாவது பஞ்சைப் பார்த்தது, இவர்கள் பார்த்தது பவர்பாயின்ட். இதைப் பொறுமை என்று சொல்லாதீர்கள், நஷ்டத்துக்கு விற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீங்களும் வாங்கியிருந்தால், அடுத்த காலாண்டு அறிக்கையில் விற்பனைத் தொகையை மட்டும் பாருங்கள்.