வீட்டில் படித்தார்கள், ஊர் சொல்லிக்கொடுத்தது

பத்தாண்டுகளுக்கு முன்பு ஜவ்வாது மலைப் பக்கத்து எங்கள் ஊரான ஆலங்காயத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று சொன்னால், "ஏன், ஒடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது தெருவில் நிறுத்தி, "அக்கா, எந்த புக்க வெச்சு நடத்துனீங்க? எனக்கும் ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்களேன்" என்கிறார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் எல்லா வீடுகளுமே பாடம் நடத்திப் பார்த்துவிட்டன. கேள்வி அதனால்தான் மாறியது என்று நினைக்கிறேன்.

எங்கள் முடிவுக்குக் காரணம் மகளின் கூச்சம். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், வகுப்பில் உட்கார்ந்தால் தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டாள். அவளை வீட்டில் வைத்தோம். தம்பியும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டான். "படிக்கட்டும், வேணாங்கல. பரிச்சைய யாரு வெப்பாங்க?" என்று என் மாமியார் கேட்டார். எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி அது. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று தன் பத்தாம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்வியைப் பற்றி ஒரு வரிகூட அதில் கிடையாது. இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் காலத்தை ஓட்டுகின்றன.

பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அப்போது நம்பினோம். வெளிநாட்டுப் பாடப்பெட்டிகளைப் பார்த்தோம். ஆண்டு முழுவதற்கும் நாள்வாரியாகப் பிரித்த பாடங்கள், கண்ணைப் பறிக்கும் படங்கள். அந்தப் பக்கங்களில் பனி பெய்தது, பிள்ளைகள் ஆப்பிள் பறித்தார்கள். எங்கள் தெருவில் மலையிலிருந்து வந்த சாமை காய்ந்துகொண்டிருந்தது. என்சிஇஆர்டி கணக்குப் புத்தகம் பிடித்திருந்தது, வாங்கினோம். ஆனால் மகள் தானாக எடுத்து வாய்விட்டுப் படித்தது சமச்சீர்க் கல்விப் புத்தகத்தைத்தான். 2010-ல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மற்ற வகுப்புகளுக்கும் வந்த புத்தகம் அது. பிறகு மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தைத் திருத்தியது. 2018-லிருந்து புதிய புத்தகங்கள் வந்தன. க்யூஆர் கோடும் வண்ணப் படங்களுமாக இருந்த அவற்றை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிந்தது. பெட்டிகளைத் தேடுவது அன்றோடு நின்றது.

என் அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாளைக்கு என்ன நடத்தப்போகிறோம் என்பதற்கு ஒரு பாடக்குறிப்பு ஏடு, இன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு வேலைப் பதிவேடு என்று இரண்டு நோட்டுகள் வைத்திருப்பார். நான் முதலில் எடுத்துக்கொண்டது பாடக்குறிப்பை. ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் கட்டம் போடுவேன். அந்தப் பழக்கத்தால் அடுத்த பாடத்தை நான் முன்கூட்டியே படித்துவைத்தேன்; அதன் பயன் அதுதான். அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது செயல்வழிக் கற்றல் முறையைக் காட்டிக்கொடுத்தார். ஆந்திரத்தில் மதனபள்ளிக்கு அருகிலிருக்கும் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செய்துபார்த்து, 2007-08-ல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் கொண்டுபோனார்கள். பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிபோல் அடுக்கியிருப்பார்கள். ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரே வீட்டில் வெவ்வேறு வயதுள்ள இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்துகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிப் பெருக்கலையும் வகுத்தலையும் அடுக்கினோம். வாரக் கட்டம் மெல்ல மெல்ல வேலைப் பதிவேடாக மாறியது. மாலையில் அன்று நடந்ததை எழுதினால், நாளைக்கு எதைத் தொடுவது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஊர் எப்படிச் சொல்லிக்கொடுக்கும் என்பதற்கு ஒரு பாடம் சொல்கிறேன். வேலூர் மாவட்ட வரைபடத்தை வரைந்து, ஆலங்காயத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். 2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது. அழித்து வரைய உட்கார்ந்தபோது மாமியார், "எங்க காலத்துல இது வட ஆற்காடு" என்றார். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனதையும், அதனால் ஒரே ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஒரு மாவட்டத்திலும் நாங்கள் ஒரு மாவட்டத்திலும் இருப்பதையும் அன்றைக்குப் பேசினோம். எல்லை என்பது மனிதர்கள் போட்ட கோடு என்று ஒரு சமூக அறிவியல் பாடம் முழுதாக முடிந்தது. எந்த வாரக் கட்டத்திலும் நான் அதை எழுதியிருக்கவில்லை.

இன்னொரு வகுப்பறை காவலூர். ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்கு முன்பே, 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு நகர்ந்தபோது, அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி மங்கி மீண்டது பதிவானது. கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட இரவு அது; அந்தச் சான்றில் எங்கள் மலைக்கும் பங்கு உண்டு. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களையும் வானம் பார்க்க விடுவார்கள். நிலாவின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு வந்த மகன் நிழலின் நீளத்தை அளக்கத் தொடங்கினான். விகிதம் என்ற அட்டையை அந்த வாரமே எடுத்தான்.

மாமியாரின் கேள்விக்குப் பதில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இருந்தது. பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறிவிட்டால் அடுத்து பத்தாம் வகுப்பு. அதற்கு ஒரு பள்ளியில் பதிந்து அறிவியல் செய்முறைப் பயிற்சி எடுக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற வழியும் உண்டு. அங்கே 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மகள் தனித்தேர்வராகவே எழுதினாள். செய்முறைப் பயிற்சிக்குப் போன பள்ளியில் அவள் வாய் திறந்து கேள்வி கேட்டாள் என்று சொன்னார்கள். எனக்கு மதிப்பெண்ணைவிட அது பெரிது.

2021-ல் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்தவள், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்ல உட்கார்ந்தேன். கையில் அதே அரசுப் புத்தகம், அதே காலண்டர் அட்டைகள். மகளைப்போலவே வாய் திறக்காத பிள்ளைகள் அங்கேயும் இருந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பெரியும்.

டைம்டேபிள் கேட்கிறவர்களிடம் இப்போது இதைத்தான் சொல்கிறேன். முதலில் தேர்வுக்கான வயதையும் விதியையும் பாருங்கள். அரசுப் புத்தகத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நடந்ததை எழுதுங்கள். யாராவது ஒருவர் பகலில் பிள்ளையோடு இருக்க முடியாத வீட்டில் இதைத் தொடங்காதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பி, அதன் மேலாண்மைக் குழுவில் போய் உட்காருங்கள்.

எங்கள் வீட்டுக்கல்வி வீட்டுக்குள் மட்டும் நடக்கவில்லை. புத்தகம் அரசு அச்சடித்தது, அட்டை அரசுப் பள்ளியின் முறை, தொலைநோக்கி மக்கள் பணத்தில் நின்றது, தேர்வும் அரசு வைத்தது. இவற்றில் எது நலிந்தாலும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே நலியும். அதனால்தான், பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிற பெற்றோர்தான் அரசுப் பள்ளிக்காக முதல் ஆளாகப் பேச வேண்டும் என்கிறேன்.