கெய்ட்டரியல்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை

மலையேறுவோர் கணுக்கால் முதல் முழங்காலின் கீழ்வரை, பூட்ஸின் வாயையும் சேர்த்து மூடும்படி கட்டிக்கொள்ளும் நைலான் உறை கெய்ட்டர் எனப்படும். பனி, சேறு, சரளைக்கல், புல்விதை ஆகியன பூட்ஸுக்குள் புகாமல் காப்பதே இதன் பயன் என்று பாமரர் கருதுவர். கருத்து வேறுபாடு விளைவிப்பதே தலையாய பயன் என்பது ஆய்வாளர் துணிபு.

கெய்ட்டரின் உறுப்புகள் நான்கு. முழங்காலின் கீழ் இறுக்குவது மேற்பட்டை. முன்புறம் திறந்து மூடுவது ஜிப் அல்லது வெல்க்ரோ. அடிவிளிம்பின் முன்னுள்ள கொக்கி பூட்ஸ் கயிற்றில் மாட்டப்படும். குதிகாலுக்கு முன்னே உள்ளங்கால் வளைவின் கீழாகச் சென்று, உறை மேலேறாமல் பிடிப்பது அடிப்பட்டை. இதன் பக்கிள் காலின் வெளிப்புறமே இருத்தல் வேண்டும்; என்னை? உட்புறம் இருப்பின் அதில் மறுகால் சிக்கி, அணிந்தவர் முகங்குப்புற விழுவார் ஆகலின். இவ்விதியை மலைச்சரிவில் மறுத்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை.

நிறம்: பெரும்பாலும் கறுப்பு.

கெய்ட்டரின் மூதாதை, காலில் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டி. 1924இல் எவரெஸ்டில் மறைந்து, 1999இல் உடலாகக் கண்டெடுக்கப்பட்ட ஜார்ஜ் மல்லோரி அத்தகைய பட்டியே அணிந்திருந்தார். அவர் உச்சியைத் தொட்டாரா என்று நூல் நூலாக எழுதிக் குவித்தவர்கள், பட்டியை வலஞ்சுழியாகச் சுற்றினாரா இடஞ்சுழியாகச் சுற்றினாரா என்பதில் போதிய அக்கறை காட்டாதது ஆய்வுலகுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

இனி, மழைக்கால்சட்டை கெய்ட்டருக்கு மேலே வருதல் வேண்டுமா, உள்ளே செருகப்படுதல் வேண்டுமா என்பது வடகலை தென்கலைப் பூசலுக்குச் சற்றும் குறையாத வழக்கு. மேலே என்பாரை மேற்கலையார் என்றும், உள்ளே என்பாரை உட்கலையார் என்றும் இக்கட்டுரை குறிக்கும். மேற்கலையாரின் முதல்நூல் இன்னும் எழுதப்படாத 'கணுக்கால் விளக்கம்'. அது எழுதப்படுமுன்பே அதனை வரிவரியாக மறுப்பது உட்கலையாரின் 'விளக்க மறுப்பு'. அம்மறுப்பைப் படிக்காமலே சாடுவது 'மறுப்புக்குச் செருப்படி'. சாடலின் ஏழாம் பக்கத்து அடிக்குறிப்பிலுள்ள காற்புள்ளி ஒன்றுக்கு மட்டும் மூன்று தொகுதிகளாக இயற்றப்படவிருப்பது 'காற்புள்ளிப் பேருரை'. அதன் நான்காம் தொகுதி, ஏனைய மூன்றும் இடைச்செருகல் என நிறுவும். தமக்கு ஒவ்வாத அடியை இடைச்செருகல் என்று தள்ளுவதும், வேண்டிய அடி கிடைக்காதபோது அவ்விடத்தைக் கறையான் அரித்துவிட்டது என்று வருந்துவதும் ஆன்றோர் கைக்கொண்ட நெறியே ஆதலின், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இத்தனை தொகுதிகளுக்கும் மாற்றாக ஒரு செம்பு நீரைத் தொடையில் ஊற்றிப் பார்த்திருக்கலாம். கால்சட்டை உள்ளே இருந்தால், அதன்மேல் வழியும் நீர் கெய்ட்டருக்குள் இறங்கி நேரே பூட்ஸை நிரப்பும். மேலே இருந்தால் வெளியே சொட்டும். ஆழமான பனியிலோ கால்சட்டையின் அடிவாய் வழியாகப் பனி அள்ளிக்கொண்டு வரும் என்பதால், அங்கே கெய்ட்டர் வெளியே இருப்பதே முறை. ஸ்காட்லாந்து மழையில் நனைந்தவர் ஒரு கட்சியும் இமயப் பனியில் புதைந்தவர் மறுகட்சியும் ஆயினர். இரு சாராரும் தத்தம் மலையைவிட்டு இறங்கியதில்லை என்பதே பூசலின் வரலாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அட்டைகள் இவ்வாதத்தில் கலந்துகொள்வதில்லை. அவை கெய்ட்டருக்கும் பூட்ஸுக்கும் இடையே கிடைத்த இடுக்கில் நுழைந்துவிடும். அங்கு வேண்டுவது நெருக்க நெய்த துணியாலான அட்டைக் காலுறை. அது பூட்ஸுக்குள் அணியப்பட்டு, கால்சட்டையை உள்ளடக்கி, முழங்காலின் கீழ் கட்டப்படும்.

பராமரிப்புப் பற்றி ஆய்வாளர் எவரும் பேசார், அதில் கை அழுக்காகும் என்பதால். சேறு காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டி, ஜிப் பற்களிலும் வெல்க்ரோவிலும் சிக்கிய மணலையும் முள்ளையும் நீக்கி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். பாறையில் உரசி முதலில் அறுவது அடிப்பட்டையே. ஆகவே கெய்ட்டர் வாங்குவோர் அடிப்பட்டை தனியே கழற்றி மாற்றத்தக்கதா என்று பார்த்து வாங்குக.