கெச்சாப் மானிஸ்: பிரதிநிதி நிர்ணயம்

சுமத்திரா தீவின் மேடான் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் சென்ற ஆவணியில் மதுரைக்கு வந்தபொழுது, பெட்டிக்குள் துண்டுகளால் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும், கீல் போன்ற கருமையும் தேன் போன்ற ஒழுக்கும் உடையதும், நாக்கில் பட்ட கணத்தில் உப்பைக் காட்டி மறுகணத்தில் இனிப்பைக் காட்டி இரண்டில் எது மெய் என்று மனிதனை மயங்கவைப்பதுமான 'கெச்சாப் மானிஸ்' என்னும் திரவியம், எங்கள் அடுக்களையில் ஏறக்குறைய நாற்பது நாட்கள் வாழ்ந்து தீர்ந்துபோயிற்று. இருக்கும்வரை அதைச் சோற்றில் பிரட்டித் தின்றுகொண்டிருந்த எனக்கு, வெறுங்குப்பி ஜன்னலோரம் ஏறிய பிறகுதான் அதன் லக்ஷணத்தை ஆராயவேண்டும் என்ற எண்ணம் உதித்தது.

முதலில் வஸ்து நிர்ணயம். இந்தோனேசியாவில் கெச்சாப் என்றால் சோயாச் சாறு. அதில் 'ஆசின்' என்பது உப்பு வகை, 'மானிஸ்' என்பது இனிப்பு வகை. சோயா மொச்சையை, பெரும்பாலும் கறுப்பு ஜாதியை, வேகவைத்துப் பரப்பி, அதன்மேல் பூஞ்சணம் பூக்கவிட்டு (நம் வீட்டில் பூஞ்சணம் பூத்தால் தெருவில் கொட்டுகிறோம், அவர்கள் அதைப் பிள்ளைபோல் வளர்க்கிறார்கள்), உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊறப்போட்டு, வடித்த சாற்றில் தென்னை, பனை வகை மரங்களின் பதநீரைக் காய்ச்சி எடுத்த ஜாவா வெல்லத்தையும் அன்னாசிப்பூ, அரத்தை முதலிய சரக்குகளையும் இட்டுச் சுண்டக் காய்ச்சுவது அது. அந்த வெல்லம் ருசிக்காகக் கிள்ளிப் போடும் வெல்லம் அன்று; சாற்றின் எடைக்குச் சமமாகவும், சில இடங்களில் அதற்கு மேலாகவும் சேர்ப்பதுண்டு. ஆகவே பெயர் சோயாச் சாறு என்றிருந்தாலும், உள்ளபடி அது சோயா வாசம் ஏறிய வெல்லப்பாகு. இந்த உண்மையைப் பிடித்துக்கொள்ளாதவர்கள்தாம் மாற்றுத் தேடிப் புறப்பட்டு வழிதவறுகிறார்கள். சில நாட்கள் நானும் அவர்களோடு சேர்ந்தே நடந்தேன்.

பெயராராய்ச்சி இல்லாத கட்டுரையைத் தமிழர்கள் மதிப்பதில்லை. சீனத்து ஹொக்கியன் மொழியில் மீனை உப்பிலிட்டு இறக்கிய நீருக்கு வழங்கிய பெயரே மலாய் நாடுகளில் கெச்சாப் ஆகி, ஆங்கிலேயன் வாயில் புகுந்து, நெடுங்காலம் கழித்துத் தக்காளிக்குச் சொந்தமாகி, இன்று நம் பேக்கரிகளில் பப்ஸுக்குப் பக்கத்தில் சிவப்பாய் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது பண்டிதர் பலருடைய கருத்து. மலாயில் சர்க்கரைக்கு வழங்கும் 'கூலா', வடமொழியின் 'குட' என்னும் சொல்லிலிருந்து போனது. சொல் போன வழியில் ஆட்களும் போயிருக்கிறார்கள்: சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் தமிழிலேயே கல்வெட்டு ஒன்று பொறித்து வைத்தார்கள். அதில் கஸ்தூரியின் விலை பேசப்படுகிறது. கருப்பட்டி பேசப்படவில்லை என்பதில் எனக்குச் சற்று வருத்தம்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கிழக்கு ஜாவாவின் கரையை ஒட்டி 'மதுரா' என்றே ஒரு தீவு இருக்கிறது. சுரபாயா நகரத்தோடு அதை இணைக்கும் ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலம் 2009-இல் திறக்கப்பட்டது. அத்தீவில் உப்பளம் உண்டு, பனை உண்டு, காளைகளைப் பூட்டி விரட்டும் பந்தயம் உண்டு, கரியில் சுட்ட இறைச்சித் துண்டுகளை வேர்க்கடலைச் சாந்தும் கெச்சாப் மானிஸும் பூசித் தின்னும் 'சாத்தே மதுரா', தீவைக் கடந்து தேசமெங்கும் பிரசித்தம். நம் ஊரையோ வெள்ளைக்காரர்கள் மதுரா என்றே எழுதிவந்தார்கள். சிவபெருமான் சடையிலிருந்து மதுரம் சிந்தியதால் மதுரை ஆயிற்று என்பது திருவிளையாடல் வரலாறு. மானிஸ் என்றாலும் மதுரம்தான். இத்தனை ஒற்றுமைகளைக் கையில் வைத்துக்கொண்டும், அந்தக் காளை வேறு, அலங்காநல்லூர்க் காளை வேறு என்று அடக்கத்தோடு ஒதுங்கிக்கொள்ளும் ஆராய்ச்சியாளன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனிப் பிரமாணம். இல்லாத பொருளின் இடத்தில் இருக்கும் பொருளை வைப்பது எப்படி என்பதைச் சமையல் நூலார் போகிறபோக்கில் சொல்லிவிடுவார்கள். வேள்வி விதிகளை ஆராய்ந்த மீமாம்ஸகர்கள் அப்படி விட்டவர்கள் அல்லர். சோமம் கிட்டாத இடத்தில் பூதீகம், நெல் கிட்டாத இடத்தில் நீவாரம் என்னும் காட்டுநெல் என்று, ஜைமினி சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் பிரதிநிதி விசாரம் விரிகிறது. அங்கே காணும் நியாயங்களுள் மூன்று நமக்கு வேண்டியவை. மூலத்தை ஒத்திருப்பதையே பிரதிநிதியாகக் கொள்ள வேண்டும். அந்தப் பிரதிநிதியும் கெட்டுப்போனால், அதற்கு ஒப்பானதைத் தேடாமல், மறுபடி மூலத்துக்கு ஒப்பானதையே தேட வேண்டும். யஜமானனுக்குப் பிரதிநிதி கிடையாது. இவற்றுள் நடுவிலுள்ளதை உலகம் மீறுவதுபோல் வேறெதையும் மீறுவதில்லை: கருப்பட்டி இல்லையென்று மண்டை வெல்லம், அதுவும் இல்லையென்று நாட்டுச் சர்க்கரை, அதுவும் இல்லையென்று சீனி என்று படிப்படியாக இறங்கியவர்கள், கடைசியில் தாங்கள் எதைத் தேடி இறங்கினோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் நியாயத்தை என் மனைவி, ஜைமினியைக் கண்ணால் பாராமலே, அடுக்களை வாசலில் நின்று ஸ்தாபித்தாள்: "நீங்க ஆராய்ச்சியப் பண்ணுங்க, கரண்டிய நான் பிடிச்சுக்கிறேன்."

பூர்வபக்ஷங்களுக்குக் குறைவில்லை. கீழமாசி வீதியில் எனக்குப் பழக்கமான மளிகைக் கடையில், "கறுப்பா, கெட்டியா, இனிப்பா, உப்பா ஒரு சாஸ் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "உப்பா இருந்தா இனிப்பா எப்படி சார் இருக்கும்?" என்று தர்க்க சாஸ்திரத்தின் அடிப்படைக் கேள்வியை எழுப்பிவிட்டு, விடைக்குக் காத்திராமல், பேரீச்சம்பழ சிரப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டி, "இதக் குடிங்க, ரத்தம் ஊறும்" என்றார். ரத்தம் ஊறியதோ இல்லையோ, சோற்றில் பழவாசனை ஊறியது. அடுத்தபடி, ஜிகர்தண்டாவுக்குப் பேர்போன ஊரில் நன்னாரிச் சர்பத்தை விட்டுவைக்கலாகாது என்று துணிந்தேன். நிறத்தால் அது ஓரளவு ஒக்கும், ஆனால் பூண்டு வதங்கிக்கொண்டிருந்த எண்ணெயில் அது விழுந்ததும், ஜிகர்தண்டாக் கடைக்குள் யாரோ கருவாடு வறுத்ததுபோன்ற ஒரு நிலை வீட்டில் ஏற்பட்டு, அன்று மாலைவரை ஜன்னல்கள் திறந்தே இருந்தன. புளியிஞ்சியை நிறம் பார்த்துச் சேர்த்தேன், புளிப்புப் பார்த்து நீக்கினேன். இரவில் தள்ளுவண்டியில் இரும்புச் சட்டியைத் தட்டி ஊரைக் கூட்டும் ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர் ஒருவர், "சோயா சாஸையும் தக்காளி சாஸையும் கலந்து விடுங்க சார், யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். தக்காளி சாஸ், பெயர் முறையில் கெச்சாப்பின் தம்பி ஆனாலும், அண்ணன் வேஷத்தில் அதை அனுப்புவது பிரதிநிதித்துவம் அன்று, ஆள்மாறாட்டம்.

ஆக, சித்தாந்தம் கருப்பட்டி. மதுராத் தீவில் வெல்லம் காய்ச்சப் பதநீர் இறக்குவதும் நம் பனையிலிருந்தே. அந்தத் தீவின் பனைவெல்லமும் ராமநாதபுரத்துக் கருப்பட்டியும் ஒரே ஜாதி மரத்தின் பிள்ளைகள். பிரதிநிதி தேடிக் கடைகடையாய் ஏறி இறங்கியவன், மூலத்தின் பெரும்பாகமே சுக்குக் காப்பிக்கென்று வாங்கிவைத்த ஓலைக் கொட்டானுக்குள் கிடக்கக் கண்டான். அன்னாசிப்பூ பிரியாணிச் சாமானில் இருந்தது. அரத்தைக்கு நாட்டுமருந்துக் கடை இருந்தது. உண்மையில் அந்நியமாக நின்றது, கடையில் வாங்கிய சோயா சாஸ் ஒன்றுதான்.

செய்முறை வருமாறு. ஒரு தம்ளர் இடித்த கருப்பட்டியைக் கால் தம்ளர் நீரில் கரையவிட்டு, மண்ணும் தும்பும் போக வடிகட்டிக்கொள்ள வேண்டும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் சாயல் நாக்குக்குத் தெரிந்தால் அதற்காக யாரும் மனம் கலங்க வேண்டியதில்லை. அதனோடு ஒரு தம்ளர் சோயா சாஸ், ஒரு அன்னாசிப்பூ, நசுக்கிய பூண்டு இரண்டு பல். ஜாவாக்காரர்கள் இடுவது பேரரத்தை. நம் கடைகளில் கேட்டவுடன் மடித்துக் கொடுப்பது சித்தரத்தை. அதற்குக் காரம் அதிகமாதலால் சிறு துண்டு போதும். இளந்தீயில் காய்ச்சி, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் தருணத்தில், அதாவது கம்பிப் பதத்துக்கு வெகு முன்பாகவே, இறக்கிவிட வேண்டும். ஆறினால் இறுகும் என்பதை எண்ணாமல் நான் மேலும் காய்ச்சச் சொன்ன முதல் ஈடு, மறுநாள் காலையில் உப்புக் கமர்கட்டாக உறைந்து, சட்டியோடு ஊறப்போடப்பட்டது.

இரண்டாம் ஈடு தேறியது. மூலத்துக்கு முக்கால் பங்கு ஒப்பு என்று நான் மதிப்பிட்டேன். பாதிதான் என்றாள் கரண்டிக்கு உரியவள். ஆனாலும் அன்றிரவு சோற்றில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. எஞ்சியதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். அப்பொழுது ஐப்பசி பிறந்திருந்தது. தீபாவளிக்கென்று சோழவந்தானிலிருந்து வந்த என் மாமியார், பலகாரம் தின்று மந்தித்த வயிற்றோடு அலமாரியைத் துழாவி, கருப்பட்டியும் சித்தரத்தையும் மணக்கும் அந்தப் பாட்டிலைத் தாமாகவே கண்டெடுத்து, சுண்டைக்காயளவு வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் சப்பிப் பார்த்தார்.

"லேகியம் நல்லா எறங்கியிருக்குடி," என்றார் மகளிடம். "உப்புதான் ஒரு கல்லு கூடிப்போச்சு."