சர்க்கரை தின்னும் உயிர்களுக்கு ஓர் இலக்கணம்

உயிர்களை வகைப்படுத்தியவர் பலர். தொல்காப்பியர் அறிவை எண்ணி ஆறு வரிசை வைத்தார். ஸ்வீடனின் லின்னேயஸ் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளைப் பிரித்தார். இருவருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்: அந்த உயிருக்கு ஒரு கரண்டி சர்க்கரை கொடுத்தால் உள்ளே எது உறையும்? அந்தக் குறையைத் தீர்க்கவே இச்சிறுநூல் எழுந்தது. நுதலிய பொருள், சர்க்கரை கொழுப்பாவதும் அக்கொழுப்பு செல்லின் சவ்வில் போய் உட்காருவதும். கேட்போர், காபிக்கு இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு “நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுவதில்லை” என்று சொல்லும் அனைவரும். பயன் போகப் போகத் தெரியும். தெரியாவிட்டால் நூலாசிரியர் பொறுப்பல்லர்.

முதலில் பொது இலக்கணம். உண்ட சர்க்கரையில் ஒரு பங்கு உடனே எரியும். ஒரு பங்கு கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேரும். அந்தக் குதிர் சிறியது. அது நிரம்பிய பிறகு வரும் மிச்சத்தை உடம்பு இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து, 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் அமிலம் ஆக்கிவிடும். இந்தக் கோக்கும் வேலையில் இடையே பிறக்கும் மலோனைல்-கோஏ என்ற பொருள், பழைய கொழுப்பு எரியப் போகும் வாசலை அடைத்துவிடுகிறது. வரவு நடக்கும்போது செலவு கிடையாது. கடை முதலாளி கெட்டார். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் இதிலும் ஒரு படி மேல். குளூக்கோஸ் நின்று அனுமதி வாங்கும் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. ஃபிரக்டோஸ் ஈரலுக்குள் மந்திரி கார்போல அதில் நிற்காமலே போய்விடும்.

பால்மிட்டிக் அமிலம் நெய்ச் சாதி. மார்கழியில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை, காரணம் கார்பன் சங்கிலியில் விழும் முடிச்சு, அதாவது இரட்டைப் பிணைப்பு. 18 கார்பன் சங்கிலிகள் மூன்றை எடுத்துக்கொள்க. இரட்டைப் பிணைப்பு இல்லாத ஸ்டியரிக் அமிலம் 69 பாகையில்தான் உருகும். ஒன்று உடைய ஒலியிக் 13 பாகையிலேயே உருகும். இரண்டு உடைய லினோலியிக், சுழிக்குக் கீழே 5 பாகை வரை உறையாது. பிணைப்பு விழுந்த இடத்தில் சங்கிலி முழங்கால்போல மடங்கும். மடங்கிய கால்களை அடுக்கிப் படுக்கவைக்க முடியாது. செல் சவ்வு இவ்விரு சாதியும் கலந்த மெல்லிய படலம். நெய்ச் சாதி மிகுந்தால் படலம் விறைக்கும். அதில் மிதந்து வேலை செய்யும் புரதங்கள் சிக்கிக்கொள்ளும். ஆகவே விலங்குகள் ஒன்பதாம் கார்பனில் முடிச்சு போட ஒரு நொதியை வைத்திருக்கின்றன. சர்க்கரை பெருகினால் அந்த நொதியும் பெருகும்.

இனி வகைகள்.

மெழுகு வார்ப்போர் தேனீக்கள். ஜெனீவாவின் ஃபிரான்சுவா ஹூபர் பார்வையற்றவர். உதவியாளரின் கண்களால் தேனீக்களை ஆராய்ந்தவர். வெறும் சர்க்கரை கொடுத்து அடைத்துவைத்தாலும் தேனீ மெழுகு சுரக்கும் என்று காட்டினார். மெழுகு கொழுப்பின் பங்காளி. ஒரு கிலோ மெழுகுக்கு ஆறு முதல் எட்டு கிலோ தேன் செலவாகும் என்பது தேனீ வளர்ப்போர் கணக்கு.

கையோடு எரிப்போர் அமெரிக்காவின் ரீங்காரச் சிட்டுகள். குடித்த தேனை அரை மணிக்குள் பறப்புத் தசையில் எரித்துவிடும். அதே பறவை, மூன்று கிராம் எடையுள்ள செங்கழுத்துச் சிட்டு, மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டுமுன் கொழுப்பேற்றி ஏறக்குறைய இரட்டை எடையாகும். வகைப்பாட்டாளனுக்கு இந்தப் பறவையால் தலைவலிதான்.

ஈரல் பெருப்போர் வாத்துகள். பறவைகளுக்குக் கொழுப்புத் தொழிற்சாலை பெரும்பாலும் ஈரலே. ரோமானியர் அத்திப்பழம் ஊட்டி ஈரலைப் பெருக்கினார்கள். லத்தீனில் அத்தியூட்டிய ஈரலுக்கு இருந்த பெயரிலிருந்தே பிரெஞ்சு மொழியில் எல்லா ஈரலுக்கும் சொல் பிறந்தது. அகராதியே கொழுத்துவிட்டது என்று கொள்க. இன்று அத்திக்குப் பதில் மக்காச்சோளம். ஈரல் பத்து மடங்கு வரை பெருக்கும். ஊட்டுவதை நிறுத்தினால் மீண்டும் சுருங்கும். வாத்துக்கு இது வலசைக்குக் கட்டும் சோற்று மூட்டை. நமக்குத்தான் அது நோய்.

வால் செதிலர் என்னும் வகையில் நூல் சற்று நின்று பார்க்கிறது. 1929-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்தார்கள்: பால் புரதமும் சர்க்கரையும், கூட உப்பும் வைட்டமின்களும். சர்க்கரையிலிருந்து கொழுப்பு உண்டாகுமே, பிறகென்ன குறை எனின், உண்டானது வேண்டிய கொழுப்பு அன்று என்க. எலிகளின் தோல் செதில் செதிலாயிற்று, வால் வீங்கிப் புண்ணானது, வளர்ச்சி நின்றது, பல செத்தன. லினோலியிக் அமிலம் கொஞ்சம் கொடுத்ததும் தேறின. எலிக்கு ஒன்பதாம் கார்பனோடு தொழில் முடிந்தது. பன்னிரண்டாவதில் முடிச்சு போடத் தெரியாது. லினோலியிக் கிடைக்காத எலி, ஒலியிக்கையே நீட்டி மடக்கி மீட் அமிலம் என்று ஒன்றைச் செய்து சவ்வில் செருகிக்கொள்ளும். ஒப்புக்குச் சப்பாணி. மூட்டை சர்க்கரை கொடுத்தாலும் அது எள்ளாகாது.

விறைப்போர் வகையில் ஒரே உயிர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற புழு. அதிலும் ஒரு மரபணு கெட்ட புழு மட்டும். அந்த மரபணுவின் புரதம் பி.ஏ.க்யூ.ஆர்-2, சவ்வின் காவலாளி. 2016-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் மார்க் பிலோன் குழுவினர், இப்புழு வளரும் தட்டில் லிட்டருக்கு 3.6 கிராம் குளூக்கோஸ் சேர்த்தார்கள். நம் காபி இதைவிடப் பல மடங்கு தித்திப்பு. நல்ல புழு சமாளித்தது. காவலாளி இல்லாத புழுவின் சவ்வு விறைத்தது. அந்தச் சர்க்கரையை நெய்ச் சாதிக் கொழுப்பாக்கிக் கொடுத்தது, புழு தின்னும் பாக்டீரியா. அதே புழு 15 பாகைக் குளிரிலும் வளராது. குளிரும் இனிப்பும் அதற்கு ஒரே நோய். நம் செல்களிலும் இக்காவலாளியின் உறவினன் உண்டு, பெயர் அடிப்போஆர்-2. நல்ல புழுவின் பெருமை இன்னொன்று: லினோலியிக் அமிலத்தைத் தானே செய்துகொள்ளும். அந்தக் கலை எலிக்கும் தெரியாது, இந்நூலாசிரியருக்கும் தெரியாது.

சுவையறியார், பூனைகள். இனிப்பை உணரும் ஏற்பியின் மரபணு அவற்றில் பழுதானது என்று 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் மையத்தார் கண்டார்கள். புலிக்கும் அதே கதி. லினோலியிக்கிலிருந்து சவ்வுக்கு வேண்டிய அரக்கிடோனிக் அமிலம் செய்வதிலும் பூனை மந்தம். தேவையில்லை, அடுத்தவர் சவ்வைத் தின்று வாழ்கிறது.

எஞ்சியது ஆறறிவு. பர் ஆய்வகத்து வேதியியலாளர் ஒருவர் தம்மையே எலியாக்கிக்கொண்டு, ஆறு மாதம் கொழுப்பு நீக்கிய பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டார். முடிவு 1938-இல் வெளிவந்தது. இரத்தத்தில் லினோலியிக் குறைந்தது, ஆனால் தோல் செதிலாகவில்லை. நெடுநாளாக இருந்த ஒற்றைத் தலைவலி போயே போய்விட்டது. தோல் தப்பியதற்கு, வளர்ந்த மனிதனின் கொழுப்பில் பல ஆண்டுச் சமையல் எண்ணெய் சேமிப்பாகக் கிடக்கிறது என்பதே காரணம். எனவே மனிதனுக்குத் தனி வகை தர மறுத்து, வால் செதிலர்க்குக் கீழ், ‘இருப்பு உள்ளோர்’ என்னும் உட்பிரிவில் வைத்திருக்கிறேன்.